ஏலகிரியில் வீடு எடுத்துத் தங்கப் போகிறீர்களா? சாவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சனிக்கிழமை சாயங்காலம். மாதனூர் பக்கம் ஷூ கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுகிறது: ‘ஏலகிரி, 3 பெட்ரூம், கிச்சன் உண்டு, பத்துப் பேர் தாராளமாகத் தங்கலாம்.’ ஓட்டலில் நாலைந்து ரூம் போடுவதைவிடச் செலவு குறைவு. சமைத்தும் சாப்பிடலாம். அடுத்த சில நிமிடங்களில் நடக்கும் போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, வீடு காலியா?”

“காலிதாம்பா. அட்வான்ஸ் ஜிபே பண்ணிடு. சாவி பக்கத்துக் கடையில இருக்கும்.”

“அடுப்பு பெருசா? பிரியாணி போடணும்ணா.”

“மூணு கிலோ அரிசி தாங்கும், கவலப்படாத.”

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அடுப்பைப் பற்றிக் கேட்டவர் பாத்ரூமில் இருப்பது கேஸ் கீசரா, கரன்ட் கீசரா என்று கேட்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

ஓட்டலில் இந்தக் கேள்விகள் தேவைப்படாமல் இருக்கலாம். அங்கே ரிசப்ஷனில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கதவைத் தட்ட ஒரு இடம் உண்டு. தீயணைப்புச் சான்று, உள்ளாட்சி உரிமம் என்று ஏதோ ஒரு அதிகாரி எப்போதாவது எட்டிப் பார்த்திருப்பார். தனி வீடு அல்லது அபார்ட்மென்ட் எடுக்கும்போது அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. வாடகை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

மலையில் அறைக்குப் பதில் அடுப்போடு ஒரு வீட்டையே வாடகைக்கு எடுக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியவை ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்கள். பனிச்சறுக்குப் போகும் குடும்பம் ஒரு நாளில் திரும்பாது, ஒரு வாரம் தங்கும். ஏழு நாளும் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் கட்டுப்படி ஆகாது. ஈர பூட்ஸைக் காயவைக்க இடம் வேண்டும், குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். 1960, 70-களில் பிரான்ஸ் அரசு ‘பனித் திட்டம்’ என்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் புதுப்புது ஊர்களை எழுப்பியது. அங்கே கட்டியவற்றில் பெரும்பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான். சின்ன அறை, சுவரோரம் சமையல் மேடை, நுழைவு வழியிலேயே மேலும் கீழுமாக இரண்டு கட்டில். சனிக்கிழமை ஒரு குடும்பம் காலி செய்யும், அன்றே அடுத்த குடும்பம் உள்ளே வரும்.

இது நம் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கார்டா ஏரிக்கரையில் இருக்கிறது ரீவா டெல் கார்டா. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூனிலும், அங்கே நடக்கும் ‘எக்ஸ்போ ரீவா ஷூ’ கண்காட்சியை ஷூ ஏற்றுமதியில் இருக்கும் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜனவரியில் சாம்பிள் பெட்டிகளோடு போய் இறங்குகிறவர்கள், மேலே பனி மூடிய மலையையும் கீழே ஏரியையும் பார்த்துக்கொண்டே ஆர்டர் பேசுகிறார்கள். மதோனா டி காம்பிலியோ என்ற பெயர் பெற்ற பனிச்சறுக்கு ஊரும் அதே டிரென்டினோ மாகாணத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கம் விடுமுறை அபார்ட்மென்ட் எடுத்தவர்களுக்குச் சில விஷயங்கள் பழக்கமாகியிருக்கும். வாடகை தனி. கடைசி நாள் துப்புரவுக் கட்டணம் தனி. பல இடங்களில் பெட்ஷீட், டவலுக்கும் தனிக் காசு. தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊருக்குச் செலுத்தும் சுற்றுலா வரி வேறு. கண்ணாடி பாட்டிலை ஒரு தொட்டியில், பேப்பரை ஒரு தொட்டியில், மிச்ச உணவை இன்னொன்றில் என்று நீங்களே பிரித்துப் போட வேண்டும். “இதுக்கு ஓட்டலே மேல்” என்று சலித்துக்கொள்ளத் தோன்றும்.

சலிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இத்தாலியில் 2025 ஜனவரி 1 முதல், குறுகிய கால வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி அந்த எண்ணைக் கட்டடத்தின் வெளியே எழுதி வைக்க வேண்டும், இணைய விளம்பரத்திலும் போட வேண்டும். வீட்டுக்குள் எரிவாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டுபிடிக்கும் கருவி, தீயணைப்பான் இரண்டும் இருக்க வேண்டும். தங்குகிறவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ரீவாவில் இத்தனையையும் பார்த்துப் பழகிய அதே ஆள், ஊர் திரும்பி ஏலகிரிக்கு வீடு புக் செய்யும்போது அடுப்பு பெரிதா என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைக்கிறார்.

‘ஹோம்ஸ்டே’ என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே விதிப்படி, வீட்டு உரிமையாளர் குடும்பம் அதே இடத்தில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடுவது ஒன்று முதல் ஆறு அறைகள் வரைதான். வந்தவர்களைத் தன் வீட்டில் ஒரு பக்கம் தங்கவைப்பதுதான் ஹோம்ஸ்டேயின் அர்த்தம். உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, பெட்டிக்கடையில் சாவி தொங்கும் வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் விளம்பரங்களில் ஹோம்ஸ்டே, காட்டேஜ், வில்லா, சர்வீஸ் அபார்ட்மென்ட் எல்லாம் ஒரே குழம்பாகக் கலந்து கிடக்கும்.

குடியிருப்பு என்று வரைபட அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு, சுற்றுலா விடுதியாக நடத்துவதுதான் தமிழக மலைகளில் நெடுநாள் தலைவலி. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கென்றே 1990-ல் தமிழக அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. ‘ஹாகா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் பெரிய கட்டடம் எழுப்ப அதன் ஒப்புதல் வேண்டும். விதி இப்படி இருந்தும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே போயின. 2018 ஆகஸ்டில் நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்டது. அந்த வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ல் தீர்ப்பும் வந்தது. கொடைக்கானலில் விதிமீறிக் கட்டப்பட்ட விடுதிகளுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019-ல் பூட்டு விழுந்தது.

தங்கப் போகிறவருக்கு இதில் என்ன ஆபத்து? நீங்கள் அட்வான்ஸ் கட்டிய வீட்டுக்கு வெள்ளிக்கிழமை சீல் வைத்தால், சனிக்கிழமை பத்துப் பேரோடு தெருவில் நிற்பது நீங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க பில்லும் கையில் இருக்காது. அதனால் புக் செய்யும் முன் ஒரே ஒரு வரி மெசேஜ் அனுப்புங்கள்: “சுற்றுலாத் துறை பதிவு எண் அல்லது ஊராட்சி உரிம நகலை அனுப்ப முடியுமா?” வைத்திருப்பவர் உடனே அனுப்புவார். “அதெல்லாம் இங்க யாரும் கேக்க மாட்டாங்க சார்” என்று பதில் வந்தால் அதுவே போதுமான பதில்.

பில்லில் வரும் வரி பற்றியும் ஒரு சின்ன விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன வீட்டுக்காரரின் வீட்டை ஆப் வழியாக எடுத்தால், வரியை வசூலித்துக் கட்டுவது அந்த ஆப் நிறுவனத்தின் வேலை. “ஜிஎஸ்டிக்குத் தனியா ஆயிரம் கையில கொடுங்க” என்று வீட்டில் வந்து கேட்டால் தர வேண்டியதில்லை.

கம்பெனிக்கு வரும் வெளிநாட்டு பையரை ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு அழைத்துப் போய் ஓர் இரவு தங்கவைக்கும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறை இணையதளத்தில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. உரிமமே இல்லாத வீட்டில் அந்தப் பதிவை யார் செய்வார்கள்? சிக்கல் வந்தால் வந்தவர் பாஸ்போர்ட்டோடு சேர்ந்து கம்பெனி பெயரும் ஸ்டேஷனுக்குப் போகும். இந்த மாதிரி விருந்தினருக்கு ஓட்டலே உத்தமம்.

கீசரும் கரி அடுப்பும்

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் நன்றாகவே குளிரும். ஜன்னல்களை எல்லாம் அடைத்து, பார்பிக்யூ போட்ட கரி அடுப்பைக் கதகதப்புக்காக அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்குவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை.

காரணம் கார்பன் மோனாக்சைடு. கரியோ எரிவாயுவோ போதிய காற்றில்லாமல் எரியும்போது வரும் வாயு அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, புகை மாதிரி கண்ணை எரிக்கவும் செய்யாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளும். மேலே சாம்பல் பூத்து அணைந்த மாதிரி தெரியும் கரியும் உள்ளே கனன்றுகொண்டே இதை விட்டுக்கொண்டிருக்கும். பாத்ரூமுக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்துதான். சின்ன அறை, மூடிய கதவு, குளிருக்காக அடைத்த வென்டிலேட்டர். உள்ளே போனவர் வெந்நீர் சுகத்தில் பதினைந்து நிமிடம் கூடுதலாக நின்றால் மயங்கி விழலாம்.

மலையில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வாயுவின் ஆரம்ப அறிகுறி தலைவலி, குமட்டல், தலைசுற்றல். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு இது வந்தால், “வண்டியில வந்தது ஒத்துக்கல, படுத்தா சரியாப் போயிடும்” என்று படுக்கவைத்துவிடுவோம். படுக்கவைப்பது அதே அறையில். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே வந்தால் லேசாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-க்கு போன் பண்ணுங்கள்.

ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கீசரைப் பற்றியது. கரன்ட் கீசர் என்றால் இந்தப் பயம் இல்லை. கேஸ் கீசர் என்றால், பாத்ரூமுக்கு வெளியே மாட்டியிருப்பதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேதான் இருக்கிறது என்றால், வெந்நீரை பக்கெட்டில் பிடித்துக்கொண்டு கீசரை அணைத்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள். அடிக்கடி இப்படி வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆன்லைனில் கிடைக்கிறது, பத்துப் பேர் பங்கு போட்டால் பிரியாணிக்கு வாங்கும் கறியைவிடச் செலவு குறைவு.

பிரியாணி என்றதும் ஒரு கிளைக் கதை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஏலகிரியில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 92, 93-ல். சீரகச் சம்பாவைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் வீட்டில் ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஆகும். ‘அரிசி சரியில்ல’ என்று மாதனூர் மளிகைக் கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. கறியைக் குக்கரில் வேகவைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது.

பத்துப் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து?

ஏலகிரி பதினான்கு சிறு கிராமங்கள் சேர்ந்த மலை. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இடம். படகு விடும் புங்கனூர் ஏரி செயற்கையாக வெட்டியது. ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் பெரிய ஆறு எதுவும் மேலே கிடையாது, கிணறும் போரும்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். வார இறுதியில் வீடு எடுக்கும் பத்துப் பேர் ஷவரில் குளித்து, இரண்டு டாய்லெட் பயன்படுத்தி, பிரியாணி அண்டாவையும் கழுவினால் தலைக்கு நூறு லிட்டரைச் சுலபமாகத் தாண்டும். நீச்சல் குளம் உள்ள வில்லா என்றால் கணக்கே வேறு. பக்கத்து வீட்டுக் கிணற்று மட்டம் எவ்வளவு இறங்கியது என்று வாடகை எடுத்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, அவர் ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவார்.

இந்தக் கணக்கு மாதனூர்க்காரருக்குப் புதிதல்ல. பாலாற்றங்கரையில் ஒரு தொழில் வளர்ந்து, அதன் கழிவு கிணற்றுக்குள் இறங்கியதைப் பார்த்த ஊர்கள் இவை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் நீதிமன்றம் அறிவித்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-ல், அதே தோல் கழிவுப் பாதிப்புக்கான இழப்பீடு பற்றி இன்னொரு தீர்ப்பு தர வேண்டியிருந்தது. கெட்டுப்போன நிலத்தடி நீரைத் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு இந்தப் பக்கத்து மக்களுக்கு வெளி உதாரணம் தேவையில்லை.

வாடகை வீட்டில் இது செப்டிக் டேங்க் கேள்வியாக வரும். நான்கு பேர் குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியை வாரா வாரம் பத்து, பதினைந்து பேர் பயன்படுத்தினால் வழியும். சரிவான நிலத்தில் வழிவது கீழே இருப்பவரின் கிணற்றுப் பக்கம்தான் போகும். வீட்டின் பின்பக்கம் ஈரமும் நாற்றமும் இருந்தால் ரிவ்யூவில் அதை எழுதுங்கள். ஆப் நிறுவனமும் உரிமையாளரும் கவனிக்கிற ஒரே இடம் அதுதான்.

பனிச்சறுக்கு ஊர்களில் என்ன ஆனது?

இந்தியாவின் பனிச்சறுக்குத் தலங்களில் முக்கியமான ஒன்று உத்தராகண்டின் ஆவ்லி. அங்கே போக வாசல் ஜோஷிமட். இரண்டையும் சுமார் நான்கு கிலோமீட்டர் ரோப்வே இணைத்து வந்தது. 2023 ஜனவரியில், சீசன் நடுவில், ஜோஷிமட் வீடுகளில் விரிசல்கள் வேகமாகப் பெருகின. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல், ரோப்வே நிறுத்தம். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஓட்டல்களை அரசே இடிக்க வேண்டியிருந்தது. ஊர் நிற்பது பழைய நிலச்சரிவு மண்ணின் மேல், கனமான கட்டுமானம் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்திருந்தது. விரிசலுக்கு அணைத் திட்டம், சாலை, வடிகால் இல்லாமை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. தங்கும் கட்டடங்களின் பாரமும், மண்ணுக்குள் இறங்கிய அவற்றின் கழிவுநீரும் அந்தப் பட்டியலில் இருந்தன.

சுவிட்சர்லாந்து வேறு ஒரு தொல்லையைச் சந்தித்தது. அங்கே மலையூர்களில் வீடுகள் பெருகின, ஆனால் வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடந்தன. ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காத நிலை. 2012 மார்ச் 11-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். எந்த ஊரிலும் இரண்டாவது வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கேள்வி. 50.6 சதவீதம் பேர் ஆதரித்து, மயிரிழையில் ஜெயித்தது.

தமிழகத்தில் வீட்டைக் கட்டுப்படுத்துவதற்கு முன் வண்டியைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த உத்தரவு இந்த இரண்டு மலைகளுக்கானது. ஏலகிரிக்கு எந்த பாஸும் கேட்காததால், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பும் வார இறுதிக் கூட்டத்துக்கு இது சுலபமான மலை. வாடகை வீட்டு விளம்பரங்களுக்குக் குறைவில்லாததில் ஆச்சரியம் இல்லை.

பணம் அனுப்பும் முன், வீட்டுக்குள் போன பின்

மோசடி விளம்பரம் இப்போது சகஜம். வீட்டு போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர் வில்லாவாக வந்தால் விலகிவிடுங்கள். வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். பத்துப் பேரின் ஆதார் போட்டோவை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்தலாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ இணையத்தில் இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது.

சாவி வாங்கியதும் பையை இறக்குவதற்கு முன் போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உடைந்த கண்ணாடி, கீறிய டிவி, கறை படிந்த மெத்தை எல்லாம் அதில் இருக்கட்டும். கிளம்பும்போது டெபாசிட்டில் பிடித்தம் சொன்னால் பேச அதுதான் ஆதாரம். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரையும், வெளியேறும் வழியையும் ஒரு முறை பார்த்து வைப்பது இரண்டு நிமிட வேலை.

குப்பையைப் பொறுத்தவரை, மலையில் குப்பை வண்டி தினமும் வராது. வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரும் பையை நீங்கள் வளைவு இறங்குவதற்குள் குரங்கு பிரித்துவிடும். பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுவது நல்லது. இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி முதலில். பொன்னேரி கூட்ரோடு வரைக்கும் இது பொருந்தும்.